கிராண்ட்ஆர்க்: நிறைய ஸ்டாப் இழுத்தால் சத்தம் உடைகிறது, ரேம் கூட்டணுமா?

கேள்வி
88 கீ டிஜிட்டல் பியானோவை யூஎஸ்பி வழியாக லேப்டாப்பில் இணைத்து கிராண்ட்ஆர்க்கில் (குழல் ஆர்கனைக் கணினியில் ஒலிக்கவைக்கும் மென்பொருள்) வாசிக்கிறேன். ரேம் 16 ஜிபி. சேம்பிள் செட் (நிஜ ஆர்கனின் குழல்களைப் பதிவுசெய்த ஒலித்தொகுப்பு) முழுதும் ரேமில் ஏறிவிடுகிறது. எட்டடி பிரின்சிபல் என்ற ஒரே ஸ்டாப் (ஒரு குழல் வரிசையை ஒலிக்கவிடும் இழுப்பான்) மட்டும் என்றால் சுத்தமாகக் கேட்கிறது. இருபது ஸ்டாப் இழுத்து வேகமாக வாசித்தால் கரகரவென்று உடைகிறது. கீயை அழுத்தி சற்றுப் பிந்தித்தான் சத்தம் வருகிறது. போதாததற்கு, ஆர்கனோடு பியானோ சத்தமும் சேர்ந்து கேட்கிறது. ரேமை 32 ஆக்கினால் சரியாகுமா?

பதில் 1
ஆகாது. செட் முழுதும் ஏறிவிட்டதென்றால் ரேமின் வேலை முடிந்தது. திணறுவது பிராசஸர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 ஸ்டாப்பில் ஒரு கீ அழுத்தினால் குறைந்தது 20 குழல். விநாடிக்கு 8 சுரம் வாசிக்கிறீர்கள். கையெடுத்த பிறகு ஒவ்வொன்றும் 4 விநாடி எதிரொலிக்கிறது. 8 × 20 × 4 = 640 குரல் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் குழல் பதிவுகள்). இது விட்டுவிட்ட சுரங்களுக்கு மட்டும், அழுத்தியிருப்பவை தனி. பெரிய தேவாலயத்தின் எதிரொலியோடு பதிவான செட்டுகளில் இதுதான் பாரம்.

அமைப்புகளில் பாலிஃபனி வரம்பை (ஒரே நேரத்தில் எத்தனை குரல் ஒலிக்கலாம் என்பது) குறையுங்கள். வரம்பை நெருங்கும்போது தேய்ந்துகொண்டிருக்கும் எதிரொலிகளை மென்பொருளே முன்கூட்டி அணைக்கும். அத்தனை ஸ்டாப் ஒலிக்கையில் அது காதில் படாது. இன்டர்போலேஷன் (பதிவின் சுருதியைச் சரிசெய்யும் கணக்கு முறை) பாலிஃபேஸில் இருந்தால் பாரம் குறைந்த லீனியருக்கு மாற்றுங்கள். கூடுதல் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், செட்டிலேயே எதிரொலி இருக்கிறதே. சேம்பிள்களைச் சுருக்கி ஏற்றும் வசதியும் ரேமை மிச்சப்படுத்திப் பிராசஸரைத் தின்னும். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும்; பேட்டரியில் பிராசஸர் வேகம் குறையலாம்.

பதில் 2
தாமதத்துக்குக் காரணம் பஃபர், அதாவது ஒலியை வெளியே அனுப்பும் முன் சேர்த்துவைக்கும் அளவு. விநாடிக்கு 48,000 என்ற சேம்பிள் ரேட்டில் பஃபர் 1024 சேம்பிள் என்றால் 21 மில்லிவிநாடி. 256 என்றால் 5 சொச்சம். விண்டோஸ் என்றால் ஆசியோ (தாமதம் குறைந்த ஒலிப்பாதை) டிரைவரைத் தேர்ந்தெடுங்கள், வழக்கமான ஒலிப்பாதை தன் பங்குக்கும் தாமதம் சேர்க்கும். பாலிஃபனியைச் சரிசெய்த பிறகே பஃபரைத் தொடுங்கள்: முதலில் 512, பிறகு 256. ஒரேயடியாகக் குறைத்தால் கரகரப்பு திரும்பிவிடும், எதனால் வந்தது என்றே பிடிபடாது. புளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம்.

இரட்டைச் சத்தத்துக்கு பியானோவின் மிடி (எந்தக் கீ அழுத்தப்பட்டது என்பதைக் கணினிக்கு அனுப்பும் முறை) மெனுவில் 'லோக்கல் கன்ட்ரோல்' என்பதை அணையுங்கள்; கீக்கு பியானோவே ஒலி எழுப்புவது நிற்கும். பல மாடல்களில் பியானோவை அணைத்துப் போட்டால் அது தானாகத் திரும்ப இயங்கும்.

கேள்வி கேட்டவர்
வரம்பை 600 ஆக்கியதும் கரகரப்பு நின்றுவிட்டது, நன்றி. பஃபர் 256. ஆனாலும் ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப அடித்தால் சில அடிகள் விழுவதில்லை.

பதில் 3
அது மென்பொருளின் குறையல்ல. பியானோ கீ பாதிக்கு மேல் இறங்கிய பிறகே ஒலி எழுப்பும். மறுபடி ஒலிக்க வேண்டுமானால் போதுமான அளவு மேலே வந்தாக வேண்டும். ஆர்கன் கீ சற்று இறங்கியதுமே ஒலி எழுப்பிவிடும். ஆகவே விரலை நன்றாக மேலே விட்டு அடியுங்கள். நிரந்தரத் தீர்வு எடையில்லாத 61 கீ பலகைதான். ஆர்கன் மேனுவலுக்கு (கையால் வாசிக்கும் கீ வரிசை) அந்த 61 தாராளம்.

88 கீயில் ஒரு லாபமும் உண்டு. மிடி எண் 24 முதல் 35 வரையுள்ள கீழ் ஆக்டேவை 12 கூட்டிப் பெடலுக்கும், 36 முதல் 96 வரை மேனுவலுக்கும் கொடுங்கள். காலுக்குப் பெடல் பலகை இல்லாமலே பதினாறடி பூர்தோன் என்ற ஆழ்ந்த பெடல் ஸ்டாப் இடக்கைக்கு எட்டும்.