ஜேசான் அனுப்பினால் பிஎச்பியில் போஸ்ட் அரே காலியாக இருக்கிறது, உதவுங்கள்

கேட்டவர், ஆத்தங்குடி:
வணக்கம். தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் சித்தப்பாவின் பட்டறைக்கு ஆர்டர் பக்கம் ஒன்று செய்கிறேன். வாங்குபவர் வீட்டை முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று பகுதி பகுதியாகக் கொடுப்பார். ஒவ்வொரு பகுதிக்கும் நடுக்கல், பார்டர் கல், அளவு, எண்ணிக்கை. எல்லாவற்றையும் ஒரே ஆப்ஜெக்டாக்கி, ஸ்ட்ரிங்கிஃபை செய்து, அதாவது ஜேசான் என்னும் எழுத்து வடிவமாக்கி, பிரவுசரின் ஃபெட்ச் மூலம் சர்வரில் உள்ள பிஎச்பி நிரலுக்கு அனுப்புகிறேன். கன்டென்ட் டைப் அப்ளிகேஷன் ஜேசான். பிரவுசரின் நெட்வொர்க் பக்கத்தில் டேட்டா முழுதாகப் போவது தெரிகிறது, சரியாகப் போய்விட்டது என்பதற்கான 200 என்றும் வருகிறது. ஆனால் பிஎச்பியில், வந்த டேட்டா இருக்க வேண்டிய போஸ்ட் அரேயில் ஒன்றுமே இல்லை. இரண்டு நாளாக மல்லாடுகிறேன்.

பதில், தேவகோட்டை:
மெத்தட் போஸ்ட் என்று கொடுத்தீர்களா? இல்லாவிட்டால் கெட் ஆகப் போகும்.

பதில், காரைக்குடி:
அதுவாக இருக்காது அண்ணே. கெட் முறையில் பாடி (அனுப்பும் டேட்டா) வைத்தால் ஃபெட்ச் பிரவுசரிலேயே டைப் எர்ரர் காட்டி நின்றுவிடும்.

தம்பி, உங்கள் டேட்டா வந்து சேர்ந்துவிட்டது. நீங்கள் வேறு இடத்தில் தேடுகிறீர்கள். சாதாரண ஃபார்ம் அனுப்பும் இரண்டு வகைகளை, அதாவது யுஆர்எல் என்கோடட், மல்டிபார்ட், இவற்றை மட்டும்தான் பிஎச்பி தானாகப் பிரித்து போஸ்ட் அரேயில் போடும். ஜேசானைத் தொடாது. வந்த டேட்டா அப்படியே இருக்கும் இன்புட் ஸ்ட்ரீமை ஃபைல் கெட் கன்டென்ட்ஸ் கொண்டு நீங்களே படித்து, ஜேசான் டீகோடிடம் கொடுங்கள்.

ஒவ்வொரு கல்லையும் தனி ஃபீல்டாக்கி ஃபார்ம் போல அனுப்பலாமே என்று மட்டும் போய்விடாதீர்கள். ஒரு தடவையில் ஏற்கும் ஃபீல்டுகளின் வரம்பான மேக்ஸ் இன்புட் வார்ஸ் வழக்கமாக 1000தான். பெரிய வீட்டு ஆர்டர் வந்தால் மிச்சத்தை வெட்டிவிடும், பாதி வளவுக்குக் கல் இருக்காது.

கேட்டவர்:
வந்துவிட்டது அண்ணே! ஆனால் பகுதிகளை எடுக்கப் போனால், எஸ்டிடி கிளாஸ் ஆப்ஜெக்டை அரேயாகப் பயன்படுத்த முடியாது என்கிறது.

பதில், காரைக்குடி:
டீகோடுக்கு இரண்டாவது ஆர்குமென்டாக ட்ரூ கொடுங்கள், அரேயாகவே தரும். தவறு இருந்தால் எர்ரர் எழுப்பும் த்ரோ ஆன் எர்ரர் ஃபிளாகையும் சேர்த்துவிடுங்கள், பிஎச்பி 7.3 முதல் இருக்கிறது. இல்லாவிட்டால் ஜேசான் உடைந்து வந்தாலும் சத்தமில்லாமல் நல் (null, வெறுமை) தந்துவிடும்.

அப்புறம் ஒன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். பிரவுசரிலிருந்து வரும் விலையை எடுக்கவே எடுக்காதீர்கள். யார் வேண்டுமானாலும் அதை மாற்றி அனுப்பலாம். டிசைனும் அளவும் எண்ணிக்கையும் மட்டும் வரட்டும், விலையை டேட்டாபேஸிலிருந்து போடுங்கள்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது. 10 அடிக்கு 10 அடி அறை, 10 அங்குலக் கல், கணக்குப்படி 144. சர்வரிலும் 144 பதிவாகியிருக்கிறது. விலை வரும் ஃபீல்டை இப்போதே நீக்கிவிட்டேன். ரொம்ப நன்றி அண்ணே.