"பயப்படாதே" சொல்லாத தூதன்

ஊசிக்கோபுரம்:

விழுந்த தூதன் வில்லனா வந்து நம்மூர்ப் பொண்ணு ஒருத்தியைக் காதலிக்கிற அந்தத் தொடர்கதை, எட்டாம் அத்தியாயம். படிச்சவங்களுக்கு எதைச் சொல்லுதேன்னு தெரியும், படிக்காதவங்க இதோட நிறுத்திக்கிடுங்க. மார்கழி, கரண்ட் இல்ல, கேரல் ரவுண்ட்ஸ் அடுத்த தெருவுக்குப் போயிட்டு, டிரம் சத்தம் மட்டும் கேக்குது. அவ படியில உக்காந்திருக்கா. காம்பவுண்ட் சுவரோரம் அவன் நிக்கான். சிறகும் இல்ல, வெளிச்சமும் இல்ல. அவளுக்குக் கை நடுங்குது.

சண்டே ஸ்கூல்ல வளந்த எந்தப் பிள்ளையும் இந்த இடத்துல ஒரு சொல்லுக்குக் காத்துக்கிட்டிருக்கும். சகரியாவுக்கு லூக்கா 1:13, மரியாளுக்கு 1:30, மேய்ப்பருக்கு 2:10, கல்லறைக்கு வந்த பெண்களுக்கு மத்தேயு 28:5. தூதன் வாயைத் தொறந்தா "பயப்படாதே"தான் முன்னால வரும். இவன் கேக்கது: "பின்வாசலைத் தாழ்ப்பாள் போட்டியா?"

அம்புட்டுதான், அத்தியாயம் முடிஞ்சிட்டு. 2009-க்கு அப்புறம் இங்கிலீசுல வந்த சிறகுக் கதைகள் எத்தனையோ உண்டு. தூதன் மொதல்ல அடிபட்ட காதலனா வந்தான், பொறவு ஊரை அழிக்க வந்த வில்லனா வந்தான். எதுலயும் இப்படி ஒரு வரி கண்ணுல படல.

ஒம்பதாம் அத்தியாயத்துல எழுதினவுகளே கெடுத்துட்டாவ. மொட்டை மாடியில அவளை உக்கார வச்சு, பரலோகத்துல தனக்கு நடந்த அநியாயத்தை ஆயிரத்தைந்நூறு சொல்லுக்கு விளக்குதான். வில்லன் போயி, சஸ்பெண்ட் ஆன கிளார்க்கு வந்துட்டான். பயம் எந்த வரியில செத்துதுன்னு தேடினா பிடிபட மாட்டேங்கு. உங்களுக்குப் பட்டுதா?


கருப்பட்டி:

எட்டாம் அத்தியாயத்திலேயே ஒரு ஓட்டை இருக்கிறது, கவனிக்கவில்லையா? அதற்கு முந்தின பத்தியில் "தேவதை அவளை முறைத்தான்" என்று ஒரு வாக்கியம். அங்கேயே கதை ஒருமுறை கவிழ்ந்து எழுகிறது. தமிழில் தேவதை என்றால் வெள்ளைக் கவுன், சினிமாப் பாட்டு, காதலியைப் புகழும் சொல். அதற்கு "ஆன்" விகுதி போட்டால் வாசகருக்குச் சிரிப்புதான் வரும். "ஏஞ்சல்" என்று போட்டாலும் நம் பக்கத்தில் உதவாது. பாளையங்கோட்டையில் எந்த வகுப்பிலும் ஏஞ்சல் என்று ஒரு பிள்ளையாவது இருக்கும்.

சரியான சொல் "தூதன்". அனுப்பியவன் ஒருவன் பின்னால் இருக்கிறான் என்பது சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. கதாநாயகி கத்தோலிக்க வீட்டுப் பெண் என்றால் "சம்மனசு". மிக்கேல் சம்மனசு சுரூபம் ஈட்டியோடு பிசாசை மிதித்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்தச் சொல்லிலேயே கொஞ்சம் இரும்பு இருக்கும்.

அடுத்தது நீ, நீங்க. ஆங்கிலத்தில் ஒரே சொல்தான், அதனால் அங்கே எழுதுபவர்களுக்கு இந்த ஆயுதம் கிடையாது. வேதாகமத் தமிழில் தூதன் மரியாளை "நீ" என்கிறான், அவள் "உம்முடைய வார்த்தையின்படி" என்கிறாள். இந்தத் தொடரில் மூன்றாம் அத்தியாயத்திலேயே அவள் அவனை "நீ" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். முன்னூறு பக்கக் கதைக்கு அது பாதியிலாவது வரவேண்டிய மாற்றம். முத்தக் காட்சியைவிடப் பெரிய காட்சி அது. அதை டீ குடிக்கிற இடத்தில் வீணடித்துவிட்டார்கள்.


கூந்தன்குளத்தான்:

சொல்லெல்லாம் இருக்கட்டும். பதினொண்ணாம் அத்தியாயத்துல சிறகை மடக்கி சட்டைக்குள்ள வச்சிக்கிட்டு ஜங்ஷன்ல டவுன் பஸ் ஏறுதான். எங்க மடக்குனான்? எனக்கு அங்கனயே புத்தகம் மூடிட்டு.

கூந்தன்குளத்துல கூழைக்கடா நிக்கதைப் பாருங்க. அஞ்சு கிலோ சுமார் எடை, விரிச்சா ரெண்டு மீட்டருக்கு மேல. உலகத்துலயே நீளச் சிறகு ஆல்பட்ராஸ்ங்கிற கடல் பறவைக்கு. மூணரை மீட்டர் வரைக்கும் போவும், உடம்பு என்னமோ பத்துக் கிலோ பக்கந்தான். அறுபது கிலோ பயலைத் தூக்கணும்னா? மனுசன் தொங்கிப் பறக்கிற ஹேங் கிளைடரே பத்து மீட்டர் அகலம் வரும், அதுவும் மேட்டுல இருந்து குதிச்சாத்தான் மிதக்கும். மடக்குனாலும் சிறகு காணாமப் போவாது. தோள், முழங்கை, மணிக்கட்டுன்னு மூணு இடத்துல மடங்கும், அம்புட்டுதான். எறகு நீளம் அப்படியே முதுகுல கெடக்கும், நுனி முட்டிக்குக் கீழ தொங்கும். இவன் சீட்டுல சாஞ்சு உக்காருதானாம்!

அதனால பறக்கதை நேரா காட்டாதீங்க. காத்து, புழுதி, கொடியில கெடந்த துணி ஒரே பக்கமா சாயுதது, அது போதும். வாடையும் உண்டு. தண்ணிப் பறவை வாலடிச் சுரப்பியில இருந்து எண்ணெயை அலகால எடுத்து எறகு பூரா பூசும், பக்கத்துல போனா தெரியும். இவன் மேல மல்லியப்பூ வாசம்னு எழுதியிருக்காவ.

இன்னொண்ணு. வாத்து இனம் வருசத்துக்கு ஒருக்கா பறக்கிற எறகு மொத்தத்தையும் ஒரே நேரத்துல உதிர்த்துரும். மூணு நாலு வாரம் தரையிலதான். நம்ம குளத்துக்கு வார வரித்தலை வாத்து இமயத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது உதிர்க்கும், அதனால இங்க நாம பாக்க முடியாது. வில்லனுக்கு இதை வச்சா ஒரு மாசம் அவ வீட்டு மச்சுல ஒளிஞ்சி கெடக்க காரணம் கிடைச்சிட்டு. எறகு முளைக்க முளைக்க அவளுக்கு நாள் குறையுது. காதலும் கெடுவும் ஒண்ணாவே போவும். இதை விட்டுட்டு, சாபத்தால சிறகு போச்சுன்னு ஒரு வரியில முடிச்சிட்டாவ.


ஊசிக்கோபுரம்:

நான் சிறகைக் கேக்கவே இல்லையே அண்ணாச்சி. ஏசாயா 6-ல சேராபீன்ங்கிற தூதருக்குச் சிறகு ஆறு, எசேக்கியேல் 1-ல ஜீவன்களுக்கு நாலு. ஆனா ஆதியாகமம் 19-ல சோதோமுக்குச் சாயங்காலம் வந்த ரெண்டு பேருக்குச் சிறகுன்னு ஒரு பேச்சே கிடையாது. லோத்து வீட்டுல அப்பம் தின்னாவ, ராத்திரி வாசல்ல நின்ன கூட்டத்தோட கண்ணைக் குருடாக்குனாவ. பஸ் ஏறணும்னா அந்த மாதிரி ஆள் ஏறட்டும்.

என் கேள்வி ஒம்பதாம் அத்தியாயம்.


ராதாபுரத்து அக்கா:

தம்பி, ஒம்பதாம் அத்தியாயத்துல ஒரு வரி நல்லாருக்கு, அதை யாருமே சொல்லல. அவன் அவளுக்குக் கண்மை டப்பா கொடுக்கான். "இதை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நாங்கதான்." அந்த ஒரு வரிக்காக மத்த ஆயிரத்தைந்நூறையும் மன்னிச்சிரலாம்.

இது ஏனோக்கு புத்தகத்துல உள்ளது. நம்ம பைபிள்ல இல்ல, எத்தியோப்பிய வைதீகத் திருச்சபை வேதத்தோட சேத்து வச்சிருக்கு. யூதா நிருபம் 14-ஆம் வசனம் அதுல இருந்துதான் எடுத்துச் சொல்லுது. "காவலர்கள்"னு பேர் உள்ள இருநூறு தூதர்கள் எர்மோன் மலையில இறங்கி மனுசப் பெண்களைக் கட்டுனாங்க. அதுல அசாசேல்ங்கிறவன் வாளும் கத்தியும் கேடயமும் செய்யக் கத்துக்கொடுத்தான், காப்பும் கண்ணிமைக்கு மை தீட்டுததும் கத்துக்கொடுத்தான். அருவாளுக்கும் கண்மைக்கும் ஒரே வாத்தியார்! ஆதியாகமம் 6:4-ல "இராட்சதர்"னு வாரது அவங்க பிள்ளைகளைப் பத்தி. எழுதினவுக இதைப் படிச்சிருக்காவ. ஆனா படிச்சதை எல்லாம் ஒரே அத்தியாயத்துல கொட்டிட்டாவ.

இப்போ எழுதுதவங்க யாராவது இதைப் பாத்தா, கேட்டாலும் கேக்காட்டாலும் சொல்லிருதேன். பிள்ளைக்கு வயசு பதினாறுன்னு வைக்காதீங்க. 2012 போக்சோ சட்டப்படி 18 முடியாத எல்லாரும் குழந்தைதான். எதிர்ல நிக்கவனுக்கு ஆயிரம் வயசு. இங்கிலீசுல அப்படி எழுதுனாங்கன்னு இங்க எழுதுனா வாசகரே புகார் கொடுப்பாங்க, கொடுக்கவும் வேணும். காலேஜ் மொத வருசம், பிறந்தநாள் முடிஞ்சிட்டுன்னு முத அத்தியாயத்துலயே போட்டுருங்க. அப்பவும் அவன் அவ ரூமுக்குள்ள ராத்திரி நின்னு தூங்குததைப் பாக்கான்னா அதைக் காதல்னு எழுதாதீங்க. அவன் வில்லன், அப்படியே எழுதுங்க, அவளும் அப்படியே உணரட்டும். அவளுக்குப் பிடிச்சிருக்கு, பயமாவும் இருக்கு, ரெண்டும் வேற வேற வாக்கியத்துல வரணும். "இனிய பயம்"னு ஒரே சொல்லாக் கட்டுனா ரெண்டுமே போச்சு.

அத்தியாயம் ஆயிரம் சொல்லு, மிஞ்சிப் போனா ஆயிரத்திருநூறு. போன்ல படிக்கிற பிள்ளை பஸ் புதிய பஸ் ஸ்டாண்ட் போறதுக்குள்ள முடிக்கணும். ஒரு அத்தியாயத்துக்கு அவனைப் பத்தி ஒரே ஒரு புதுத் தகவல், அதுவும் பொருளா வரட்டும்: டப்பா, இறகு, துரு. பேச்சா வேண்டாம். ரெண்டு பையனுக்கு நடுவுல ஒரு பொண்ணுன்னு மூணாவது ஆளை ஆறாம் அத்தியாயத்துக்கு அப்புறம் கொண்டு வந்தா வாசகர் ஏத்துக்க மாட்டாங்க, ரெண்டுலயே தெருவுல ஒருதடவை நடக்க விட்டுரணும். அம்மாவை ஊருக்கு அனுப்பிட்டு வீட்டைக் காலி பண்ணுத வேலை வேண்டவே வேண்டாம். நம்ம பக்கத்துல வீடு காலியாவே இருக்காது, ஒரு பெரியம்மையாவது திண்ணையில இருப்பாங்க. அவங்களை வச்சிக்கிட்டு எழுதுங்க பாப்போம், அப்பத்தான் திறமை. மழையையும் அளவா வைங்க. தாமிரபரணிக்கு ஐப்பசி கார்த்திகையில வெள்ளம் வரும், சித்திரையில வராது. இந்தத் தொடர்ல வெயில் காலத்துல ஆறு கரைபுரளுது.


கருப்பட்டி:

கேட்டது ஒன்று, வந்தது ஒரு பாடத்திட்டம். ஆனாலும் பெரியம்மை விஷயம் சரி.


மேலப்பாளையத்தான்:

"விழுந்த மலக்கு" என்று ஒரு இடத்தில் வருகிறதே, கதாநாயகியின் தோழி சொல்வதாக. தோழி எங்கள் ஊர்ப் பெண், அந்தச் சொல் அவள் வாயில் வரவே வராது. மலக்கு என்றால் தூதன். மலக்குகள் ஏவியதை மீறமாட்டார்கள், குர்ஆன் 66:6. கலகம் செய்த இப்லீஸ், அதாவது சைத்தான், ஜின் இனம், 18:50. பாபிலில் இருந்த ஹாரூத், மாரூத் என்ற இரண்டு மலக்குகள் கூட "நாங்கள் ஒரு சோதனை" என்று சொல்லிவிட்டுத்தான் கற்றுக்கொடுத்தார்கள், 2:102. தோழி "ஜின்னா இருக்கும்டி" என்று சொல்லியிருந்தால் காட்சி நின்றிருக்கும். அவள் தப்பாக ஊகிப்பதும் கதைக்கு லாபம்.

இந்த அடிப்படையில் பார்த்தால் கலகம் செய்த தூதன் பயமே இல்லை. கலகக்காரனிடம் பேரம் பேசலாம். கீழ்ப்படிகிறவனிடம் என்ன பேச? வேதாகமத்திலும் அப்படித்தானே, ஒரே ராத்திரியில் அசீரியர் பாளயத்தில் ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம் பேரை ஒரு தூதன் கொன்றான். அவனுக்கு அவர்கள் மேல் கோபம் என்று ஒரு சொல் கிடையாது.

ஊசிக்கோபுரத்துக்கு ஒரு இடம் சொல்கிறேன், 11:69, 70. இப்ராஹீம் நபி வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், பொரித்த கன்றைக் கொண்டு வந்து வைக்கிறார். அவர்கள் கை அதன் பக்கம் போகவில்லை. அதைப் பார்த்ததும்தான் அவருக்கு அச்சம் வருகிறது. அவர்கள் உடனே "பயப்படாதீர்" என்கிறார்கள். இந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள்.


ஒத்தப்பனை:

பாய் சொன்னதுதான் சரி. ஒம்பதாம் அத்தியாயம் ஏன் செத்துதுன்னு நான் சொல்லுதேன். வில்லுப்பாட்டுல என்ன பாடுதாவ? சாமி பொறந்த கதை, அதுக்கு நடந்த அநியாயம், அது பழி வாங்குனது, பொறவு எங்க வந்து நிலையம் கொண்டுது. கோயில் கொடையில ராத்திரி பூரா கேட்டு முடிக்கும்போது சுடலைமாடன் நம்ம ஆளாயிருதான். என்ன கேப்பான், எதுக்குக் கோவப்படுவான், எதை வச்சா அடங்குவான், எல்லாம் தெரிஞ்சிருது. பயம் பாதி, பாசம் பாதி. அதுக்குத்தான் பாடுததே.

மொட்டை மாடியில இவன் பாடுனது வில்லுப்பாட்டு. தன் கதையைச் சொன்ன உடனே குலதெய்வம் ஆயிட்டான். இனிமே படையல்தான் போடலாம்.

ஆனா அக்கா சொன்ன டப்பாவை நான் ஒத்துக்கிட மாட்டேன். "நாங்கதான்"னு சொல்லுதாம்லா, அந்த "நாங்க"வே வம்சாவளிக்கு ஆரம்பம். டப்பாவைக் கொடுத்துட்டுப் பேசாம இருந்திருக்கணும்.


ராதாபுரத்து அக்கா:

பேசாம கொடுத்தா வாசகருக்கு ஏனோக்கு எப்படித் தெரியும்?


ஒத்தப்பனை:

தெரியாட்டா என்ன கெட்டுப் போச்சு?


ஊசிக்கோபுரம்:

சரி, மாத்தி வச்சுப் பாத்தேன். மொட்டை மாடி கிடையாது. மறுநாள் ஞாயித்துக்கிழமை, வீட்டுல ஆள் இருக்கு. பெரியம்மை "யாரோ சபைக்குப் புதுசு போல, உள்ள வாங்க"ன்னு கூப்பிடுதா, அந்நியரை உபசரிச்சு அறியாமலே தூதரை உபசரிச்சவங்களைச் சொல்லுத எபிரெயர் 13:2 அவளுக்கு மனப்பாடம். இலை போட்டு சொதியும் சோறும் வைக்காவ, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு பொரியல். அவன் உக்காந்திருக்கான். எல்லாரும் பேசுதாவ. அவளுக்கு மட்டும் அவன் கை தெரியுது, மடியிலயே இருக்கு. தண்ணி கூடத் தொளிக்கல. சொதி மேல ஆடை படருது.

அவ "சாப்பிடுங்க"ங்கா. "நீங்க"லயே வச்சிருக்கேன் கருப்பட்டி.

அவன்: "உங்க வீட்டுல எத்தனை பேரு?"

அங்க அத்தியாயத்தை நிறுத்துதேன். டப்பாவைப் பத்தாவதுக்குத் தள்ளிட்டேன், அக்கா மன்னிக்கணும்.


கூந்தன்குளத்தான்:

இது பரவால்ல. ஆனா எட்டாவதுல ஒண்ணு விட்டுட்டீங்க. அவன் சுவரோரம் வந்து நிக்கும்போது தெருநாய் ஊளையிடுதுன்னு இருக்கு. அது பேய் வந்தா. எண்ணாகமம் 22-ல பிலேயாமோட கழுதை தூதனை மூணு தடவை பாக்கும். மொதல்ல வயக்காட்டுக்குள்ள விலகும், ரெண்டாவது சுவரோட ஒட்டி அவன் காலை நசுக்கும், மூணாவது விலக இடமில்லாம அப்படியே படுத்துரும். ஒருதடவை கூட அவனைப் பாத்துக் கத்தல.

நாயைப் படுக்க வைங்க.