ரெண்டு பேருக்கும் பிடிக்கிற மாதிரி ஒரு படம் சொல்லுங்க ப்ளீஸ்

ஃப்ரெண்ட்ஸ், சனிக்கிழமை நைட் பாப்பா தூங்கினதும் நானும் வீட்டுக்காரரும் ஒரு படம் பாக்குறது வழக்கம், ஆனா படம் முடிஞ்சா பஞ்சாயத்து ஆரம்பிச்சிடும். 2024ல மெய்யழகன் தியேட்டர்ல பாத்தோம், நான் அழுது மூக்க சிந்திட்டு இருக்கேன், இவரு வாட்ச்ச பாத்துட்டு இருக்காரு. ரிலீஸ் ஆன கொஞ்ச நாள்லயே 18 நிமிஷம் வெட்டுனாங்கல்ல, "பாத்தியா, அவங்களே ஒத்துக்கிட்டாங்க"ன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறாரு. அந்த படத்துல ரெண்டு ஹீரோவும் ராத்திரி பேசுற பேச்சு தானய்யா படமே!

இவருக்கு சூப்பர் டீலக்ஸ்னா உயிரு, நான் பாதியில தூங்கிட்டேன். அதுவும் கிட்டத்தட்ட 3 மணி நேரம் தான், அப்ப மட்டும் வாட்ச் ஞாபகம் வரல போல.

சண்ட இல்லாம பாத்தது குட் நைட் ஒண்ணு தான் (அதுல வர்ற ஹீரோ மாதிரி இவரும் குறட்டை கேஸ், அதான் அமைதியா இருந்தாரு).

அந்த மாதிரி, ரெண்டேகால் மணி நேரத்துக்குள்ள, ரத்தம் கம்மியா எதாவது இருக்கா? மலையாளம்னாலும் சப்டைட்டில் இருந்தா ஓகே. சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க, இந்த வாரம் செலக்‌ஷன் என் டர்ன்.