புதுப்பிப்பு: மேட்டுத் தெருவின் மைனஸ் அழுத்தம், காரணம் கிடைத்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: எங்கள் ஊர்க் குடிநீர்க் குழாய் வலையை இபிஏநெட்டில் (குழாய்களின் நீரோட்டத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடும் மென்பொருள்) ஓட்டினால் மேட்டுத் தெரு முனையில் அழுத்தம் (நீர் உயரக் கணக்கில்) மைனஸ் 6 மீட்டர் வருகிறதே, ஏன் என்று. குழாய் விட்டத்தில் தப்பில்லை. அழுத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்ட தண்ணீர் முழுதாகப் போய்ச் சேரும் என்று மென்பொருள் கணக்குப் போட்டதுதான் கோளாறு.

2.2 பதிப்பில் தேவை மாதிரியைப் பிடிஏ என்று, அதாவது அழுத்தத்துக்கு ஏற்பத்தான் தண்ணீர் போகும் என்று கணக்கிடும் முறைக்கு மாற்றினேன். குறைந்தபட்ச அழுத்தம் 0 (இதற்குக் கீழே தண்ணீரே வராது), தேவையான அழுத்தம் 7 மீட்டர் (இதற்கு மேல் கேட்டது முழுதும் வரும்), இடையில் அழுத்த விகிதத்தின் அடுக்கு 0.5, அதாவது வர்க்கமூலம். இப்போது அந்த முனையில் 1.75 மீட்டர், கேட்டதில் சரிபாதிதான் போகிறது. நூல் போல விழும் தண்ணீருக்குக் கீழே குடத்தை வைத்துக் காத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான்.

அப்புறம், சம்ப் வைத்த வீடுகள் நிரம்பும்வரை இழுத்துக்கொண்டே இருக்கும். அவற்றைத் தனியாகத் தொட்டிகளாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.