சாதிச் சான்றிதழுக்கு அலையும் இருளர் குடும்பங்கள்: களப்பணியில் பார்த்ததைச் சொல்லுங்கள்

திண்டிவனம் பக்கம் இருளர் குடியிருப்புகளில் வேலை செய்கிறேன். பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணுக்காக அவளுடைய அப்பாவோடு போயிருந்தேன். எஸ்.டி. (பழங்குடியினர்) சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும், அதனால் மரம் வெட்டிப் பிழைக்கிற மனிதர் அன்றைய கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வர வேண்டியிருக்கிறது. அங்கே விசாரித்த அதிகாரி என்னைப் பார்த்து "உட்காருங்க மேடம்" என்றார். மஞ்சள் பையில் ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு, செருப்பை வெளியே விட்டு வந்து நின்றவரிடம், "உங்கப்பனுக்குச் சான்று இருக்கா? நீ பாம்பு பிடிப்பியா?" பக்கத்திலேயே நாற்காலி காலியாக இருந்தது. "ஐயாவும் உட்காரட்டும் சார், அப்புறம் பேசலாம்" என்றேன்.

பாம்பு பிடித்தால்தான் இருளர் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? தொழிலும் சடங்கும் பொருந்துகிறதா என்று பார்ப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்று 2023-இல், மகாராஷ்டிரப் பழங்குடிகள் வழக்கில், உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நான் ஒன்றுதான் கேட்டேன்: மறுப்பதென்றால் காரணத்தை எழுதிக் கொடுங்கள், மேல்முறையீடு செய்கிறோம். பேச்சு உடனே மாறியது, குடியிருப்புக்கே வந்து விசாரிப்பதாகச் சொன்னார். சான்றிதழும் வந்தது, பிளஸ் ஒன் வகுப்பு தொடங்கிய பிறகு.

எனக்குக் களப்பணி செய்கிற நம் ஆட்கள் மீதும் கோபம் உண்டு. அதிகாரி "நீ, வா, போ" என்றால் கொதிக்கிறோம், நம் கூட்டத்தில் அறுபது வயதுப் பெரியவரை நாமே அப்படித்தான் கூப்பிடுகிறோம். கூட்டத்தை ஊருக்குள் இருக்கிற மண்டபத்தில் வைத்தால் இருளர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள் என்று தெரிந்தும் அங்கேதான் வைக்கிறோம்.

---

நாகப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன், 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரண வேலையில் இருந்தேன். முகாம்களில் தலித் குடும்பங்களைத் தள்ளி வைத்தது அப்போதே செய்தியானது. ஆனால் அதைவிட ஓசையில்லாமல் நடந்தது இழப்புப் பட்டியல். படகு, வலை, வீடு என்று கட்டம் போட்டிருந்தோம். கூலிக்கு மீன் சுமந்தவர்களும் வயல் வேலைக்குப் போனவர்களும் எந்தக் கட்டத்திலும் வரவில்லை. பிழைப்பு போனவர்களுக்கு எழுத ஒரு வரி இல்லை என்றால் அந்தப் படிவமே பாகுபாடுதானே?

---

முதல் பதிவு எழுதியவரிடம் ஒரு கேள்வி. காரணத்தை எழுத்தில் கேட்டால் அதிகாரிகள் அந்தக் குடும்பத்தின் மீது பிறகு கோபத்தைக் காட்டிவிட மாட்டார்களா?

---

காட்டுவார்கள், நடந்திருக்கிறது. அதனால் ஒரு குடும்பத்தைத் தனியாக அனுப்புவதில்லை. குடியிருப்பில் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்கிறோம். மனுவை நாங்கள் நீட்டுவதில்லை, தாய்மார்களே கொடுத்துப் பேசுகிறார்கள். ரசீதின் நகல் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும்.