ஹாலுக்கு எந்த கிரே?

தம்பி: ரெண்டு கலர் கார்டையும் போட்டோ எடுத்துப் போட்டிருக்கேன். இடது அக்ரியபிள் கிரே, வலது ரிபோஸ் கிரே. ரெண்டுமே ஷெர்வின்-வில்லியம்ஸ் கம்பெனி பெயிண்ட். எது எடுக்கலாம்?

அம்மா: ரெண்டும் ஒண்ணாத்தானேப்பா தெரியுது?

தம்பி: எனக்கும் அப்படித்தான்மா. கார்டு பின்னாடி எல்ஆர்வின்னு ஒரு நம்பர் இருக்கு. ஒண்ணு 60, இன்னொண்ணு 58.

நான்: அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புற அளவு. 0 கருப்பு, 100 வெள்ளை. ரெண்டு புள்ளி வித்தியாசம் கண்ணுக்குப் பெருசாத் தெரியாது. நீ பாக்க வேண்டியது அடியில என்ன சாயல் இருக்குங்கிறதைத்தான். அக்ரியபிள்ல லேசா பழுப்பு தட்டும். ரிபோஸ் கொஞ்சம் குளிர்ச்சி, சில வெளிச்சத்துல ஊதா எட்டிப் பாக்கும்

தம்பி: போட்டோல ஊதாவே தெரியலையே அக்கா

நான்: போன் கேமரா கலரைத் தானா சரி பண்ணிடும்டா, அதை நம்பாதே. ஒரு வெள்ளைத் தாள் மேல ரெண்டு கார்டையும் வெச்சுப் பாரு. என் பெட்ரூமுக்கு கார்டைப் பாத்தே ஒரு கிரே எடுத்தேன். பகல்ல அழகு. ராத்திரி லைட் போட்டா சுவரே ஊதா. திரும்ப அடிக்க வேண்டியதாப் போச்சு, அதான் இவ்ளோ சொல்றேன்.

சித்தப்பா: ஹால் ஜன்னல் எந்தப் பக்கம்?

தம்பி: வடக்கு, சித்தப்பா

சித்தப்பா: அப்போ நேர் வெயில் அதிகமா வராது. பெரும்பாலும் வானத்து வெளிச்சம்தான், அதுல நீலம் கலந்திருக்கும். ரிபோஸ் இன்னும் குளிர்ந்து தெரியும். சுவர்ல நேரா அடிச்சுப் பாக்காதே, பழைய கலர் பக்கத்துலயே இருந்து கண்ணை ஏமாத்தும். ரெண்டு பெரிய அட்டையில ரெண்டு கோட் அடி. நல்லா காயட்டும், ஈரத்துல பாத்து முடிவு பண்ணாதே. அப்புறம் ஜன்னல் பக்கம், மூலை, சோபா பின்னாடின்னு மாத்தி மாத்தி வை.

நான்: தரையோட ஒட்டியும் வெச்சுப் பாரு. உன் மரத்தரைல மஞ்சள் ஜாஸ்தி.

(மறுநாள்)

தம்பி: பாத்துட்டேன். காலைல ரிபோஸ் மூலையில சிமெண்ட் மாதிரி இருந்துச்சு. ராத்திரி 2700 கெல்வின் பல்புல, அதாவது மஞ்சள் வெளிச்சத்துல, ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. தரையோட சேர்றது அக்ரியபிள்தான்.

சித்தப்பா: அதையே எடு. பல்பை மட்டும் மாத்திடாதே, வெள்ளை பல்பு போட்டா திரும்ப வேற கலராத் தெரியும்

நான்: படுக்கிற ரூம் தெற்குன்னா அங்க ரிபோஸ் போடு. வெயிலோட மஞ்சள் வெளிச்சத்துக்கு அது இதமா இருக்கும்.

அம்மா: அட்டையை எடுத்துடாதேப்பா. நானும் வந்து ஒரு தடவை பாத்துடறேன்.