மனப்பாடம் நம் பண்பாட்டின் குறையா? திண்ணைப் பள்ளியும் 'சென்னை முறை'யும்

கேள்வி: பி.எட். மாணவி, கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். நான் பி.எட். இரண்டாம் ஆண்டு படித்து வருகிறேன். அண்மையில் வகுப்பில் கற்பித்தல் முறைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "புரிந்துகொண்டு படிப்பது மேலைநாட்டு வழக்கம், உருப்போடுவது நம் வழக்கம், ஆங்கிலேயர் வந்த பிறகுதான் இங்கே கல்வி சீர்பட்டது" என்று ஒரு கருத்து எழுந்தது. பெரும்பாலோர் தலையசைத்தார்கள். என்னால் அதை ஏற்கவும் முடியவில்லை, மறுப்பதற்குக் கைவசம் சான்றும் இல்லை.

என் தயக்கத்துக்குக் காரணம் என் கொள்ளுத்தாத்தா. திண்ணைப் பள்ளியைத் தவிர வேறொரு பள்ளியின் வாசலை மிதிக்காதவர். களத்தில் நெல் அளக்கும்போது, "கலத்துக்கு மாகாணி வீதம் ஏழு கலத்துக்கு எவ்வளவு?" என்று யாராவது கேட்டால், கேட்டவர் வாயை மூடுவதற்குள் "ஐந்து மரக்கால் இரண்டு படி" என்பார். இதை வெறும் கிளிப்பாடம் என்று சொல்லிவிட முடியுமா? திண்ணைப் பள்ளியை ஆங்கிலேயர் எப்படிப் பார்த்தார்கள், அந்தப் பார்வையில் பண்பாட்டு வேறுபாட்டுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத நினைக்கிறேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், மன்னார்குடி

அம்மா, உங்கள் கொள்ளுத்தாத்தாவின் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். திண்ணைப் பள்ளியின் வாய்பாட்டு ஏடான எண்சுவடியில் பின்னங்களைக் கீழ்வாய் இலக்கம் என்பார்கள். 320இல் ஒரு பங்கு முந்திரி, 160இல் ஒரு பங்கு அரைக்காணி, 80இல் ஒரு பங்கு காணி, 20இல் ஒரு பங்கு மா. மாவையும் காணியையும் கூட்டினால் 80இல் ஐந்து பங்கு, அதாவது 16இல் ஒரு பங்கு வரும். அதன் பெயர்தான் மாகாணி. அந்தப் பெயரைச் சொல்லும்போதே கூட்டலும் சொல்லப்பட்டுவிடுகிறது. கலம் என்பது 12 மரக்கால், மரக்கால் 8 படி, ஆகக் கலத்துக்கு 96 படி. அதில் மாகாணி 6 படி. ஏழு கலத்துக்கு 42 படி, அதாவது ஐந்து மரக்கால் இரண்டு படி. அவர் சொன்னதில் ஒரு படிகூடப் பிசகவில்லை.

என் தகப்பனார் திண்ணைப் பள்ளியில் படித்தவர் என்பதால் அங்கே நடந்ததைக் கேட்டு வளர்ந்திருக்கிறேன். பரப்பிய மணலில் ஆள்காட்டி விரலால் எழுதிக்கொண்டே, எழுதுவதை உரக்கச் சொல்லவும் வேண்டும். விரல், கண், வாய், செவி நான்கும் ஒரே எண்ணின்மேல் நிற்கும். சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் ஒரு வரியைச் சொல்லிக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். களத்துமேட்டிலும் சந்தையிலும் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை, நினைவுதான் கணக்கேடு. அந்த வாழ்க்கைக்குப் பொருந்திய கல்வி அது.

ஆனால் எண்சுவடிக்கு நான் சொல்லும் நியாயத்தைச் செய்யுள் பாடத்துக்குச் சொல்ல மாட்டேன். ஏழு வயதுப் பிள்ளை பல செய்யுள்களைப் பொருள் தெரியாமலே ஒப்பித்தது என்பதும் உண்மை. பொருள் பிறகு தானாக விளங்கும் என்று பெரியவர்கள் நம்பினார்கள். சிலருக்கு விளங்கியது; பலர் அதற்குள் பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள்.

மறுமொழி 2: வரலாற்று ஆய்வு மாணவர், சென்னை

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் எல்லா மாவட்ட ஆட்சியர்களிடமும் உள்ளூர்ப் பள்ளிகளைப் பற்றிக் கணக்குக் கேட்டார். 1826இல் அவர் தொகுத்த குறிப்பின்படி, ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். வீட்டிலேயே படித்தவர்கள் இதில் சேரவில்லை. அந்த அறிக்கைகளை 1983இல் ஆய்வாளர் தரம்பால் தொகுத்து வெளியிட்ட பிறகே இந்த எண்கள் பலருடைய பார்வைக்கு வந்தன.

உங்கள் கேள்விக்கு நேராகத் தொடர்புடையது பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823இல் எழுதிய அறிக்கை. அவர் விவரித்தது தெலுங்கும் கன்னடமும் வழங்கிய பகுதி என்றாலும், பள்ளி நடைமுறை நம் திண்ணைப் பள்ளியை மிகவும் ஒத்தது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை என்பதற்கு அடையாளமாகச் சுழியம். மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பிறகு வருகிற ஒவ்வொருவனுக்கும் ஓர் அடி கூடுதல். இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்த அந்த மனிதர், குறைந்த செலவில் எழுத்துக் கற்பிப்பதையும், மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லிக் கொடுத்துத் தம் அறிவையும் உறுதிப்படுத்திக்கொள்வதையும் மனமாரப் பாராட்டி, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்றே எழுதினார். அதே அறிக்கையில், பேச்சுமொழிக்கு எட்டாத செய்யுள்களைப் பொருளறியாமல் கிளிபோல ஒப்பிக்கிறார்கள் என்று குறையும் கூறினார்.

இங்கிலாந்து பின்பற்றியது என்பது உபசாரப் பேச்சு அன்று. எழும்பூரில் 1789இல் தொடங்கப்பட்ட ஆண் அனாதைகள் விடுதிப் பள்ளியின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல், இங்குள்ள பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியில் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் உடன்படவில்லை. ஆகவே எட்டு வயது மாணவன் ஒருவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார், அவன் செய்து காட்டினான். 1797இல் லண்டனில் பெல் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் அந்த முறை 'சென்னை முறை' என்ற பெயரில் அங்குள்ள ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றுதான் பெயர்.

எனவே உருப்போடுவதையே பண்பாட்டு வேறுபாடாகக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அக்காலத்து இங்கிலாந்தின் பிள்ளைகளும் லத்தீன் இலக்கணத்தையும் கிறித்தவ வினாவிடையையும் உருப்போட்டே படித்தார்கள். வேறுபாடு எதை நினைவில் வைக்க வேண்டும் என்பதில் இருந்தது. அதைவிட, எது கல்வி என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் யார் இருந்தார்கள் என்பதில் இருந்தது. சட்டாம்பிள்ளை முறை அவர்களுக்குத் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார்கள். எண்சுவடி தேவைப்படவில்லை.

கேம்பெல் எழுதிய இன்னொன்றையும் உங்கள் வகுப்பில் சொல்லுங்கள். ஒன்பது லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த பெல்லாரியில் ஏழாயிரம் பேர்கூடப் பள்ளியில் இல்லை என்று வருந்திய அவர், அதற்கு நாட்டின் வறுமையையே முதற்காரணமாகக் காட்டினார். ஆங்கிலேயப் பருத்தித் துணி வந்து நெசவாளர் பிழைப்பைக் கெடுத்ததை ஓர் ஆங்கிலேய ஆட்சியரே எழுதி வைத்திருக்கிறார்.

மறுமொழி 3: அரசுப் பள்ளித் தலைமையாசிரியை, விழுப்புரம்

மேலே எழுதிய இருவரும் பயனுள்ள செய்திகளைத் தந்திருக்கிறீர்கள். ஆனாலும் ஒரு சொல்லை யாரும் நின்று பார்க்கவில்லை: திண்ணை. திண்ணை ஒரு வீட்டின் பகுதி. என் பாட்டனார் அந்தத் தெருவுக்குள்ளேயே போகக்கூடாதவர். மணலில் எழுதுவது எவ்வளவு சிக்கனமான முறையாக இருந்தாலும், அந்த மணல்வரைக்கும் அவருடைய கால் செல்லவில்லை.

மன்றோவின் கணக்கில் தமிழ் மாவட்டங்களின் மாணவர்களில் பெரும்பாலோர் சூத்திரர் என்ற பட்டியலில் வருகிறார்கள் என்பதும், கல்வி பிராமணருக்கு மட்டுமே இருந்தது என்ற பேச்சை அது உடைக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதே கணக்கில் மாகாணம் முழுவதிலும் பெண் பிள்ளைகள் ஐயாயிரம் பேர்கூட இல்லை. தீண்டாமைக்கு ஆளானவர்களுக்குத் தனி வரிசையே கிடையாது. இருந்திருந்தால் 'பிற சாதியார்' என்ற வரிசைக்குள் மறைந்திருக்க வேண்டும். தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனார் 1707இல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார்கள். பஞ்சமர் என்று அழைக்கப்பட்ட, தீண்டாமைக்கு ஆளான மக்களின் பிள்ளைகளுக்காகப் பிரம்மஞான சபையின் ஆல்காட் சென்னையில் இலவசப் பள்ளி தொடங்கியது 1894இல். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு எழுத்து வந்த வழி இதுதான். வந்தவர்களின் நோக்கம் எதுவாக இருந்தாலும், கதவைத் திறந்தவர்கள் யார் என்பதை நாங்கள் மறக்க முடியாது.

ஆகவே 'நம் பண்பாடு' என்று எழுதும்போது, அந்த 'நம்' என்பதில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், மகளே.

மறுமொழி 4: தமிழாசிரியர், யாழ்ப்பாணம்

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு செய்தி மட்டும். யாழ்ப்பாணத்தில் கடன் வாங்கல் எதிர்த்திசையிலும் நடந்தது. ஆறுமுக நாவலர் மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே கற்பித்தும் பழகியவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, வகுப்புப் பிரிவையும் அச்சிட்ட பாடநூலையும் மிஷனாரிடமிருந்து எடுத்துக்கொண்டு, சமயத்தையும் தமிழையும் தம்முடையதாக வைத்தார். சிறுவர் படித்த மாத்திரத்தில் விளங்கிக்கொள்ள எளிய வசன நடையில் பாலபாடங்களை எழுதினார். முதலாம் மறுமொழியில் ஐயா சொன்ன குறைக்கு அவர் கண்ட மருந்து அது. சாதி விடயத்தில் அவருடைய நிலைப்பாடு வேறு. அங்கே தலைமையாசிரியை அம்மா சொல்வதை நான் மறுக்கவில்லை.

மறுமொழி 2 எழுதியவர் மீண்டும்

தலைமையாசிரியை அம்மாவுக்கு: தாங்கள் சொன்னது சரி. மாணவர் தொகையைத் தந்த நான், யார் விடுபட்டார்கள் என்பதையும் அதே இடத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கொள்ளுத்தாத்தாவின் மகளான என் அப்பாயியிடம் நேற்று இரவு எண்சுவடியைப் பற்றிக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு முந்திரி, அரைக்காணி, காணி என்று ராகமாகத் தொடங்கினார்கள். மாகாணிக்கு வந்ததும் நின்றுவிட்டது. மீதியைக் கேட்டதற்கு, "தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கும்போது அடுப்பங்கரையிலிருந்து காதில் விழுந்தது அவ்வளவுதான், எனக்கென்று அப்பா சொல்லித் தரவில்லை" என்றார்கள். கட்டுரையில் இதையும் எழுதப்போகிறேன்.